இடக்கை முடிச்சு

எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால், "எந்தப் பீங்கான் கம்பெனி?" என்றுதான் கேட்பார்கள். நான் போனது சோடா கம்பெனிக்கு. பழைய பீர் பாட்டிலில் ஜிஞ்சர் சோடா அடைத்து, தக்கை இறுக்கி, கேஸ் வேகத்தில் அது எகிறாமலிருக்கச் சணல் கட்டுவார்கள். அந்தக் கட்டுதான் என் வேலை. பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கழுத்தைச் சுற்றி, தக்கைக்கு மேலே குறுக்காக இழுத்து முடிச்சுப் போட வேண்டும். காலையிலிருந்து சாயந்தரம் வரை இதே கதை. செல்போன் புதிதாக வந்திருந்த காலம் அது. முதலாளியின் போன் அடித்தாலே அடுத்த சணல் உருண்டையை இழுத்து வைத்துக்கொள்வேன். இன்னொரு ஆர்டர் என்று அர்த்தம்.

எதிரில் உட்கார்ந்து கட்டியது ஓர் அக்கா. சொந்தமெல்லாம் இல்லை, என்னைவிட மூத்தவள், அவ்வளவுதான். புருஷன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள். நான் இடக்கைக்காரி என்பதால் என் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். "உன் கட்டும் உன்ன மாதிரியே ஏட்டிக்குப் போட்டியா இருக்குதுடி" என்று சிரிப்பாள்.

அந்தச் சித்திரையில் சணல் அறுத்து அறுத்து என் விரல் இடுக்கெல்லாம் புண். அதில் எலுமிச்சை கலந்த ஜிஞ்சர் தண்ணீர் பட்டால் உயிர் போகும். ஒருநாள் தாங்கமாட்டாமல் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்றிருந்தது. சணலிலும் எண்ணெய் ஏறும், முடிச்சு நழுவும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் வேப்பூர் ஓட்டல்காரர் போன் செய்தார். வெயிலில் இருந்த பெட்டியில் தக்கைகள் படபடவென்று எகிறி, ஒன்று சப்ளையரின் புருவத்தைக் கிழித்துவிட்டதாம். முதலாளி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் போட்டார்.

"கண்ணு போயிருந்தா யாரு பதில் சொல்றது? யாரு கட்டுனது, சொல்லுங்க. அவங்க நாளையிலேருந்து வர வேணாம்."

அவருக்கு முடிச்சில் வலது இடது தெரியாது. எகிறாமல் மிஞ்சியிருந்த ஒரு பாட்டிலை அக்கா எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். "நான்தான்" என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

"வயசானா கை தளந்துதான் போவும். நீங்க நின்னுக்குங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு வரை வழக்கம்போல ஒன்றாகத்தான் நடந்தோம். அவள் ஏற வேண்டிய கம்மாபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதற்குமேல் பொறுக்கமுடியாமல், "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லி? உன்ன அனுப்பிட்டு உன் பங்கையும் என்னையே கட்டச் சொல்லுவாரு. என்னால ஆவாதுடி. விரலு மடங்க மாட்டேங்குது. நீயே கட்டு."

பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இனி வீட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

மறுநாள் காலை அவளுடைய பாட்டில்களும் என் பக்கம் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. உட்கார்ந்து கட்டினேன்.