முகூர்த்தத்துக்கு மட்டும் ஒரிஜினல்

ஆனந்தவள்ளிக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். ஸ்ரீரங்கத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறவர்களில் அவள் ஒருத்திதான் பெண். அந்தத் தொழிலில் அவளிடம் அடி வாங்காத ஆண்கள் குறைவு. ஒரு வரவேற்பில் குடித்துவிட்டு மேடையேறி மணப்பெண்ணின் தங்கையை உரசிய ஒருவனை, காதைத் திருகி மண்டபத்து வாசல்வரை இழுத்துப்போய் மூக்கில் குத்தினாள். பேசிய தாளை மாற்றி மட்டமான தாளில் ஆல்பம் அச்சடித்துக் கொடுத்த லால்குடி லேப்காரனின் முன்பல் ஒன்று போனதும் அவளால்தான். புருஷன் ஆறு வருஷம் தாக்குப்பிடித்தான். திருப்பூருக்கு வேலைக்கென்று போனவன் போனவன்தான். "தப்புப் பண்றவனத்தான் அடிக்கறேன், சும்மா இருக்கறவனையா அடிக்கறேன்?" என்பாள். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டாமல் இருக்க யாருக்குத் துணிச்சல்?

கேமரா சாமான்களை அவள் மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் கடை வைத்திருக்கும் அருள்ராஜிடம்தான் வாங்குவாள். சாமான் விற்பதோடு லென்ஸ், கேமரா ரிப்பேரும் பார்க்கிறவன். ஒளிவுமறைவு தெரியாத ஆள். "இது கம்பெனி பேட்டரிக்கா. இது வேற ஆளு செஞ்சது, விலையில மூணுல ஒரு பங்கு. ஓடும், ஆனா நெறைய சார்ஜ் இருக்கற மாதிரி காட்டிட்டு பொசுக்குனு படுத்துரும்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிடுவான். வள்ளி இரண்டும் வாங்குவாள். வரவேற்பு, நலங்கு, பந்தி எல்லாவற்றுக்கும் டூப்ளிகேட். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஒரிஜினல். கிளம்பும்முன் டூப்ளிகேட்டை நாலு தடவை கேமராவில் போட்டுச் சோதிப்பாள். ஒரிஜினலைச் சோதிக்க மாட்டாள். அதைச் சந்தேகப்படுவதே பாவம் என்று அவளுக்கு நினைப்பு.

ஐப்பசியில் ஒரு முகூர்த்தம். உப்பிலியபுரத்துக் குடும்பம் ஒன்று அம்மா மண்டபம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தது. அதிகாலையிலிருந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த டூப்ளிகேட்டை, ஐயர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பியதும் கழற்றினாள். இருபது நாளைக்கு முன் வாங்கிய புது ஒரிஜினலைப் போட்டாள். கேமரா கண் திறக்கவில்லை. கழற்றி ஊதிப் போட்டாள், தட்டிப் போட்டாள். கெட்டிமேளம் கொட்டிவிட்டது. பழைய டூப்ளிகேட்டைத் திரும்பச் செருகி நிமிர்ந்தபோது மூன்று முடிச்சும் விழுந்திருந்தது. வீடியோக்காரனின் படத்திலும் அட்சதை தூவிய கைகள்தான் இருந்தன, தாலி இல்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு உலக்கை மாதிரி கை. விஷயம் தெரிந்ததும் மேடையிலேயே வள்ளியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் புடவையில் சொட்டியது. ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளி திருப்பி அடிக்கவில்லை. தப்பு தன் பக்கம் இருப்பதாக நம்பியதால் அல்ல. தப்பு அருள்ராஜ் பக்கம் என்று முடிவு கட்டிவிட்டதால். ஸ்கூட்டியை எடுத்தவள் காவிரிப் பாலத்தில் ஒரு பஸ்ஸுக்கும் வழி விடவில்லை.

அருள்ராஜ் மேஜையில் குனிந்து ஒரு லென்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் கையில் மோனோபாட் இருந்தது. கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் இரும்புக் கம்பி அது. முதல் அடியில் கண்ணாடிப் பலகை நொறுங்கியது. இரண்டாவது அடி அவன் தோளில்.

"டூப்ளிகேட்டுக்கு ஒரிஜினல் ஸ்டிக்கர் ஒட்டியாடா குடுக்கற?"

"அக்கா, கர்த்தர் மேல சத்தியம் பண்றேன், அது கம்பெனிது. குடுங்க, பாத்துச் சொல்றேன்" என்று வலது கையை நீட்டினான். நீட்டிய கையின் மேல் கம்பி இறங்கியது. மோதிர விரலும் சுண்டு விரலும் ஒடிந்த சத்தம் எதிர்க்கடை பாத்திரக்காரருக்கே கேட்டது. அவன் கண்ணாடிச் சில்லுகளுக்கு மேல் மண்டியிட்டு விழுந்தான். முழங்காலிலும் ரத்தம். வள்ளி அதோடு விட்டாளா? முதுகில் இன்னொன்று வைத்தாள். நாலு பேர் வந்து பிடித்து இழுத்த பிறகுதான் நின்றாள். போகிற வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டியை நிறுத்தி, போட்டோக்காரர்கள் வாட்ஸப் குழுவில் அருள்ராஜ் கள்ளச் சரக்கு விற்கிறான் என்று கத்தி, குரல் பதிவும் போட்டாள்.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு வரவேண்டும், அடிபட்டவன் புகார் கொடுத்திருக்கிறான் என்றார்கள். வரட்டும், சாட்சி என் கையில் இருக்கிறது என்று அந்த பேட்டரியை வெள்ளைத் தாளில் வைத்து, மோதிரங்களைக் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸால் ஒரு படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள்.

பேட்டரியின் வாயில், கேமராவோடு சேரும் மெல்லிய பிளவுகளுக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டித்துப்போயிருந்தது. சந்தனம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் அதை வாங்கிச் சார்ஜ் போட்டிருந்தாள். புதுசு, அதுவும் ஒரிஜினல். பழைய சாமான்களுக்கெல்லாம் ஒரு பொட்டோடு விட்டவள், இதற்கு மட்டும் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அள்ளிப் பூசினாள். மறுநாள் மேலோடு துடைத்துப் பைக்குள் வைத்தாள். வள்ளி ஊசியை எடுத்து அந்தப் பிளவுகளைச் சுரண்டினாள். மஞ்சள் பொடி உதிர்ந்தது. கேமராவில் போட்டாள். முழுச் சார்ஜோடு பளிச்சென்று எரிந்தது.

பேட்டரியைக் கழற்றித் திரும்ப அந்த வெள்ளைத் தாளின் மேலேயே வைத்தாள்.

சாயங்காலம் அண்ணன் அழகிரி வந்தான். வக்கீல் குமாஸ்தா, சட்டத்தின் சந்து பொந்தெல்லாம் அறிந்தவன். வள்ளி நடந்ததைச் சொல்லி பேட்டரியைக் காட்டியதும் கதவைச் சாத்தினான்.

"வள்ளி, இது வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்லண்ணே."

"அப்பக் கொள்ளிடத்துல வீசிரு. நாளைக்கு ஒரே ஒரு வரி சேத்துக்க. பேட்டரி கேக்கப் போன எடத்துல கையப் புடிச்சு இழுத்தான், அதான் அடிச்சேன்னு. பொம்பள சொன்னா எடுபடும். இல்லன்னா நீ உள்ள போகணும். தை மாசம் ஏழு கல்யாணம் வச்சிருக்க, ஒருத்தன் வரமாட்டான் உன்கிட்ட."

வள்ளிக்கு ஜெயிலை நினைத்தால் பயமாக இருந்தது, உண்மையாகவே பயம். அருள்ராஜுக்கு வயசுக்கு வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பெண் காதில் இந்த ஒரு வரி விழுவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் ஸ்டேஷனில் அருள்ராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வலது கை முழுக்க மாவுக்கட்டு. தோள் வீங்கி, முதுகை நிமிர்த்தவே சிரமப்பட்டான். எஸ்.ஐ. அம்மா வள்ளியைப் பார்த்து, "எதுக்கும்மா அடிச்சீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அழகிரி தொண்டையைச் செருமினான்.

வள்ளி பேட்டரியை மேஜைமேல் வைத்தாள். "இவரு மேல ஒரு தப்பும் இல்ல மேடம். இது ஒரிஜினல்தான். நான் பூசின சந்தனம் போய் அடைச்சிருக்கு. குழுவுலயும் காலையிலேயே நான் சொன்னது பொய்யின்னு போட்டுட்டேன்." திரும்பி அருள்ராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுருங்க தம்பி."

அழகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எஸ்.ஐ. அம்மாவுக்கு நிம்மதி. "அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பேசி முடிச்சுக்கறீங்களா?" என்று அருள்ராஜிடம் கேட்டார்.

அவன் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"இது ஒரிஜினல்னு தெரிஞ்சதும் அக்காவுக்கு நான் நல்லவனாயிட்டேன் மேடம். டூப்ளிகேட்டாவே இருந்திருந்தா? அப்ப என் விரல ஒடிக்கலாமா?"

வள்ளி வாயைத் திறந்தாள். "தப்புப் பண்றவனத்தான்" என்று இருபது வருஷமாக அவள் சொல்லிவந்த வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. அவற்றைச் சொல்ல அவளுக்கே கூசியது. அவனை நேராகப் பார்க்க முடியாமல் எஸ்.ஐ. அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"கேஸ் எழுதுங்க மேடம். நான் அடிச்சேன்னு மட்டும் எழுதுங்க. எதுக்குன்னு எழுத வேணாம்."