கண்ணில் விழுந்த பூ

கருவிழியில் வெள்ளை படர்ந்து பார்வை மறைவதை எங்கள் ஆம்பூரில் ‘பூ விழுந்திடுச்சு’ என்பார்கள். இந்தப் பேரை எந்த மகராசன் வைத்தானோ, அவன்மேல் எனக்கு வெகுகாலம் ஆத்திரம். சீழ் என்று வைத்திருந்தால் வாயில் சொல்லவாவது கூசியிருக்கும்.

என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் கொட்டகையில் சுண்ணாம்புக் குழி வேலை. ஊறுகிற தோலைப் புரட்டும்போது ஒருநாள் கழி வழுக்கி, குழித் தண்ணீர் இரண்டு கண்ணிலும் அடித்துவிட்டது. பக்கத்திலேயே கிணறு. ஒருத்தன் குடத்தோடு ஓடி வந்தானாம்.

“டேய், ஊத்தாதடா! சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும், கண்ணு வெந்துபூடும்!” என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். அவரும் வேண்டாம் என்றாராம். கண்ணைப் பொத்தியபடி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நான் அப்போது கைப்பிள்ளைக்காரி. பெண் பிள்ளை பெற்றவள் பால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று என் பாலையே விட்டோம்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “சுட்ட சுண்ணாம்புக் கல்லுல தண்ணி பட்டாத்தாம்மா கொதிக்கும். குழியில இருந்தது ஏற்கெனவே தண்ணியில கரைஞ்சது. உடனே கழுவியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது.”

அந்தச் சுண்ணாம்பை அன்றாடம் கரைத்த மனுஷர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

“வெளிச்சம் தெரியுற வரைக்கும் ஆபரேஷனுக்கு வழியிருக்கு. அதுவும் போயிட்டா என்னால ஒண்ணும் ஆகாது. இப்போ புண்ணு ஆறட்டும், கோடை கழிஞ்சு கூட்டிட்டு வா” என்றார் டாக்டரம்மா.

பூ என்பது ஏன் என்று வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதலில் கருவிழி ஓரத்தில் அரிசிக் குருணை போல ஒரு புள்ளி. அப்புறம் அது இதழ் இதழாக விரிந்தது. பேர் வைத்தவன் பொய் சொல்லவில்லை, கிட்டே உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அவன் வீட்டிலும் யாருக்காவது வந்திருக்கும், பாவம். ‘விழுந்தது’ என்பதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. மேலேயிருந்து எதுவும் விழவில்லையே!

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் சிம்னி விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பேன்.

“தெரியுதா?”

“தெரியுது.”

அந்த ஒரு வார்த்தை கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு மாலை தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. அவர் எதிரே விளக்கோடு உட்கார்ந்து குச்சியை உரசினேன். பற்றவில்லை. இன்னொன்றை உரசினேன். சத்தம் கேட்டு அவர் முகத்தை நிமிர்த்தினார்.

“தெரியுதும்மே. இன்னிக்கு நல்லாவே தெரியுது” என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

திரி இன்னும் எரியவில்லை. “சரி” என்றேன்.