இன்சினரேட் என்றால் சாம்பல்

போன வாரம் என் மகள் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "இன்சினரேட்னா என்னம்மா?"

எரிப்பது என்றேன். விடுகிறாளா? "அதுக்குத்தான் பர்ன் இருக்கே... அப்புறம் இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. அகராதியைத் தூசி தட்டினேன். லத்தீனில் 'சினிஸ்' என்றால் சாம்பலாம். அதிலிருந்து வந்த சொல். நாம் கொளுத்து, எரி, சுடு என்கிறோம் – எல்லாமே நெருப்பைப் பற்றிய பேச்சு. இந்தச் சொல்லுக்கு நெருப்பு பெரிசில்லை. மிஞ்சுவதுதான் கணக்கு.

மகளுக்கு விளக்கிவிட்டேன். எனக்குத்தான் அதற்குமேல் வேலை ஓடவில்லை. ஸ்டெல்லா ஞாபகம்.

குமணன்சாவடியில் எங்கள் பக்கத்து வீடு. அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஒரே மகள் ஜெனி, இரண்டாம் வகுப்பு. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையை மடித்து, கோணல்மாணலாக ஒரு சிலுவை செய்தாள். இயேசு படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை... போய்விட்டாள். அவள் கைபட்டுச் செய்ததென்று அந்த வீட்டில் மிஞ்சியது அந்தச் சிலுவைதான்.

மந்திரித்த ஓலையை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. தவக்காலத்துக்கு முன் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள்.

ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி பக்திமான். அடுத்த வருஷத் தவக்காலத்துக்கு முன், படத்துக்குப் பின்னால் இருந்ததை மொத்தமாக வாரிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார்.

வேலை முடிந்து வந்தவள் படத்தைப் பார்த்தாள். "இன்னாய்யா பண்ணிட்ட... பாப்பா செஞ்சதாச்சே அது!"

மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

நானும் அவளும் கோயிலுக்கு ஓடினோம். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார். "எல்லார் ஊட்டு ஓலையும் ஒண்ணாத்தாம்மா கொளுத்தினேன்..." என்றார் தயங்கியபடி.

ஸ்டெல்லா தகர டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். எதைத் தேடுவாள்? கடவுள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

புதன்கிழமை பூசைக்கு அவள் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, வெளியே வருகிற ஒவ்வொருவர் நெற்றியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ளது யார் நெத்தில கீதுக்கா?"

அன்று முழுக்க நான் முகம் கழுவவில்லை.