வளையம் போட்ட கொக்குகள்

கொல்லம் ஆண்டு 1108, மாசி மாதம். ஆங்கிலக் கணக்கில் 1933. கும்பப்பூ நெல்லறுப்பு முடிந்து எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை நடந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான என் மாமா அந்த ஆண்டு ஆனியில் இறந்தார். ஆகவே நாள் குழம்ப வழியில்லை.

இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த மாமா, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நெஞ்சில் க்ஷயத்தோடு திரும்பி வந்திருந்தார். படுத்துக் கிடந்தவர் ஒருநாள் பத்திரிகையில் ஓர் அறிவிப்பைப் படித்தார். திருவனந்தபுரத்தில் பறவைகளை ஆராயும் ஒரு பெரியவர், ஊதியம் எதிர்பாராமல் உதவக்கூடியவர்களைத் தேடியிருந்தார். மாமா எழுதிப் போட்டார். தபாலில் சின்னச் சின்ன அலுமினிய வளையங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் விலாசமும் பொறிக்கப்பட்டிருந்தன. குஞ்சின் காலில் அதைப் போட்டுவிட வேண்டும். பிற்பாடு அந்தப் பறவை எங்கே அகப்பட்டாலும், கண்டவர் எண்ணை எழுதி அனுப்பினால் அது போன தூரம் தெரிந்துவிடும்.

குளத்தங்கரைப் புளியமரங்களில் கார்த்திகை, மார்கழியில் கொக்குகள் கூடு கட்டும். அண்ணன் ஏறி, குஞ்சுகளை ஓலைப்பெட்டியில் இறக்குவான். நான் பழந்துணியால் அலகைப் பொத்திப் பிடித்துக்கொள்வேன். அவை என் பாவாடையில் மீனைக் கக்கும். மாமா குறட்டால் வளையத்தை நெருக்கிவிட்டு, அது காலில் தளர்வாகச் சுழல்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பார்.

“ஏட்டி, நெரிக்காத. இதுல ஒண்ணு கடலு தாண்டி மன்னாருல எறங்கும் பாத்துக்க. அங்கேருந்து ஒரு காயிதம் வரும். அது வாற வரைக்கும் எனக்க மூச்சு கெடந்தாப் போதும்.”

முதல் ஆண்டு கடிதம் வரவில்லை. இரண்டாம் ஆண்டும் வரவில்லை. வெளியூர் போய்வருகிறவர்கள் கண்ணில் பட்டாலாவது சொல்லட்டுமே என்று, சபையில் வாசிக்க மாமா நாலு வரி எழுதிக் கொடுத்தார்: வளையமுள்ள பறவை கண்டால் எண்ணைத் தெரிவிக்கவும். சபையை நடத்திய உபதேசியார் நல்ல மனிதர். ஆங்கில எழுத்து தெரியாத ஜனங்கள் எண்ணை எப்படிச் சொல்வார்கள் என்று இரக்கப்பட்டு, ‘கோயிலில் கொண்டு ஒப்படைக்கவும்’ என்று மாற்றி வாசித்துவிட்டார். அதுவும் அறுப்பின் பண்டிகைக்குக் குடும்பத்துக்கொரு காணிக்கை கொண்டுவரச் சொன்ன அறிவிப்பை அடுத்து.

சபை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. நோயாளி பறவைக்கு வளையம் போடுகிறான். அந்தப் பறவை கோயிலுக்கு வந்து சேர வேண்டும் என்கிறான். சுகம் கேட்டுக் கர்த்தரிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனை அல்லாமல் இது வேறென்ன? அந்த வாரம் முழுவதும் மாமாவுக்குக் காய்ச்சல். வெளியே வரவில்லை.

பண்டிகையன்று பூசணி வந்தது, வாழைக்குலை வந்தது, புதுநெல் வந்தது. அதன்பின் கொக்குகள் வந்தன, கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டபடி. காய்ச்சல் விட்டுக் கோயிலுக்கு வந்திருந்த மாமாவிடம் முதலில் வந்தவள் எதிர்வீட்டு மாமி.

“தம்பி, உமக்க பொருத்தனைக்குள்ளது. விடியதுக்கு முன்ன இவியள எழுப்பிக் கொளத்துக்கு அனுப்பினேன்.”

“பறக்கச்சில வளையம் தெரிய மாட்டேங்கு,” என்றார் பின்னால் நின்ற அவள் கணவர். “மொத்தமா வலை போட்டாத்தான் ஒண்ணு ரெண்டு அம்பிடுது.”

மாமா மெதுவாகக் கேட்டார்: “வளையம் இல்லாதத என்ன செஞ்சிய?”

“கறி வச்சாச்சு. வளையம் உள்ளதுல ஒருத்தரும் கை வைக்கல்ல. அது கர்த்தருக்கு உள்ளதுல்லா?”

“ஒரு வாரமா ஊரெல்லாம் கொக்குக் கறிதான்,” என்றார் இன்னொருவர். “ராத்திரி ஒத்தக்கால்ல நின்னு ஒறங்கலாமான்னு இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமா ஒவ்வொரு காலாகப் பிடித்து எண்ணைப் படித்தார். எங்கே பிடித்தது என்று கேட்டார். நம்ம கொளத்துலதான் என்றார்கள், ஒவ்வொருவரும். அவர் ஒவ்வொருவரையும் பார்த்துக் கைகூப்பி, “ஸ்தோத்திரம்” என்றார். உபதேசியார் அவருடைய சுகத்துக்காக ஜெபித்தார். பெண்கள் அழுதார்கள். மாமா ஏன் ஒருத்தரையும் ஏசவில்லை என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது கொக்குகளை யாரும் கேட்கவில்லை. பொருத்தனை செய்தவனே சாப்பிட்டால்தான் நிறைவேறும், நெஞ்சுக்கும் கொக்குக்கறி நல்லது என்று சொல்லி, அவற்றை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். மத்தியானம் அவர் சாப்பிடுவதைப் பார்க்க முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டு மாமி எட்டி எட்டிப் பார்த்தாள். அம்மா சட்டியை வைத்துவிட்டு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

மாமா இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். “இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா,” என்றார். முற்றத்தில் நின்றவர்கள் நிம்மதியாகக் கலைந்து போனார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. சாப்பிட வராமல் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் ஓடினேன். புளியமரங்களில் ஒரு சத்தமும் இல்லை.

“மாமாக்குப் பசி வந்துட்டு. இனி பிழைச்சுக்கிடுவாவ,” என்றேன்.

அண்ணன் என்னைக் கன்னத்தில் அறைந்தான். நல்ல சேதி சொன்னதற்கு எதற்கு அடி என்று விளங்காமல், அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.