மெனிக்கா தூக்கின கால்

என்ர மனிசனுக்குப் பெண்சாதி ரெண்டு பேர் எண்டு கோயிலடியில பகிடி விடுவினம். மூத்தவள் மரம் இழுக்கிற ஆனை மெனிக்கா, இளையவள் நான், மாகிரட். அவை சிரிப்பினம், எனக்குப் பத்திக்கொண்டு வரும். பொய்யெண்டாத்தானே நானும் சேர்ந்து சிரிக்கலாம்!

என்ர பேணாட் நல்ல மனிசன். குடியில்லை, சண்டையில்லை. காட்டில வெட்டின மரங்களை லொறியடிக்கு இழுக்கிறதுக்கெண்டு மரம் அரிஞ்சு விக்கிற மரக்காலை முதலாளி அவளை வாங்கிக்கொண்டு வந்த நாளில இருந்து இவர்தான் பாகன். எனக்குக் காய்ச்சல் எண்டா ரெண்டு பனடோலை வாங்கி மேசையில வைப்பார். அவள் ஒரு நேரம் தின்னாட்டி இவருக்குச் சோறு இறங்காது. ஆனை மணத்தோட குசினிக்குள்ள வராதையுங்கோ எண்டு கத்துவன். கிணத்தடியில குளிச்சுப்போட்டு வருவார், அப்பவும் மணக்கும். நான் ஓர்ஸ் ஹில்லில ஒரு கந்தோரில கிளாக்கர்மாருக்குத் தேத்தண்ணி போடுறனான். என்ர சீலையிலயும் அந்த மணம் அங்க வரைக்கும் வரும்.

பின்னேரம் வேலை முடிய அவளைக் குளிப்பாட்டி, முன்னங்காலில சங்கிலி போட்டு மரத்தோட கட்டிப்போட்டுத்தான் தென்னோலை வைப்பார். ஆனை வச்சிருக்கிற எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. அதை ஆர் ஒரு கதையெண்டு கதைக்கிறது?

போன வருசம் முதலாளியிட்ட ஆனைக்குப் பத்திரம் இல்லையெண்டு கோட்டில வழக்கு வந்தது. மெனிக்காவை லொறியில ஏத்தித் திரியாய்ப் பக்கம் காட்டோரம் இருக்கிற சரணாலயத்துக்குக் கொண்டுபோயிட்டினம். அங்க சங்கிலியை வெட்டி எறிஞ்சவையாம். பழைய ஆக்களைக் கண்டா ஆனை புது இடத்தில பழகாது, பாகன் வரவேண்டாம் எண்டும் சொல்லிப்போட்டினம்.

அதோட என்ர மனிசன் அரை ஆளாப் போனார். வேலை தேடேல்லை. கதிரையில இருந்து றோட்டைப் பாத்தபடி. "நானும் இந்த வீட்டிலதான் உசிரோட இருக்கிறன், ஒருக்கா இஞ்சாலயும் திரும்பிப் பாருங்கோ!" எண்டு ஏசினன். திரும்பிப் பாத்தார். ஏசாமலே இருந்திருக்கலாம், அப்பிடியொரு முகம்.

ஒரு மாசம் போயிருக்கும், அங்கத்தை மிருக டொக்டர் தர்ஷனா போன் எடுத்தவ. சின்னப் பிள்ளை.

"அங்கிள், வைக்கிற சாப்பாட்டை அவள் தொடுறாளில்லை. மேய்ச்சலிலயும் ஒரு வாய் ரெண்டு வாய்தான். எலும்பு தெரியுது. ஒருக்கா வாங்கோ."

"என்னைத் தேடுறாள் மாகிரட்," எண்டார் இவர். அழுகையும் சிரிப்பும் ஒண்டாய் வந்தது அவருக்கு. "உங்கட மூத்தவளை நானும் ஒருக்காப் பாக்கவேணும்" எண்டு சொல்லி லீவு போட்டனான். பூசைக்குப் போடுற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, மடியில ஒரு குலை வாழைப்பழத்தோட பஸ்ஸில இருந்தார். பொம்பிளை பாக்கப் போற மாப்பிள்ளை தோத்துப்போவான்!

சரணாலயத்தில போய் நிண்டு இவர் "மெனிக்கா" எண்டு கூப்பிட்டதுதான், மரங்களுக்குள்ளால விறுவிறெண்டு வந்தாள். டொக்டர்ப் பிள்ளை கையைத் தட்டிச்சுது. எனக்கும் கண் கலங்கினது, பொய் சொல்லக்கூடாது. இவர் பழத்தை நீட்டினார். அவள் அதைப் பாக்கேல்லை. இவருக்கு முன்னால வந்து நிண்டு முன்னங்காலைத் தூக்கினாள்.

தூக்கினபடியே நிண்டாள்.

எங்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. இவருக்கு விளங்கீட்டுது. சங்கிலி போட்டாப் பிறகுதான் சாப்பாடு எண்டு அவளுக்குப் பழக்கினது இவர்தானே. மெலிஞ்சு ஆடி ஆடி நிக்கிறாள், கால் இறங்குதில்லை. கடைசியில இவர் முழங்காலில இருந்து, சங்கிலி அறுத்த அந்தப் பழைய தழும்பைச் சுத்தி வெறுங்கையால கட்டுறமாதிரிப் பிடிச்சார். அவள் காலை இறக்கினாள். பிறகு தின்னத் தொடங்கினாள்.

திரும்பி வரேக்க பஸ்ஸில, "நான் நினைச்சன், என்னைத் தேடுறாள் எண்டு" எண்டார். என்ர வாழ்க்கையில முதல் முறையா அந்த ஆனையில எனக்குப் பொறாமை வரேல்லை.

தின்னவைக்க வேற வழியில்லை எண்டு இவரையே வரச்சொன்னவை. ஒவ்வொரு நாளும் போனார். ஒவ்வொரு நாளும் முழங்காலில இருந்து இல்லாத சங்கிலியைக் கட்டினார். வீட்டை வந்து சவுக்காரம் போட்டுக் கையைத் திருப்பித் திருப்பிக் கழுவுவார். டொக்டர்ப் பிள்ளை மெல்ல மெல்ல அவரைத் தள்ளி நிக்கவைச்சு, ஆனை பாக்காத நேரத்தில ஓலையைப் போட்டுப் பழக்கிச்சுது.

பிறகொரு நாள், "ஆன்டி, நீங்களும் வாங்கோ, ஒரு சந்தோசம் காட்டுறன்" எண்டு கூப்பிட்டது. நாங்கள் மூண்டு பேரும் தீன் கொட்டிலுக்குப் பின்னால ஒளிஞ்சு நிண்டம். மெனிக்கா தனிய வந்தாள். ஓலையை இழுத்துக் காலில அடிச்சு மண் தட்டினாள். காலைத் தூக்காமலே காதை ஆட்டி ஆட்டித் திண்டாள். என்ன வடிவு தெரியுமோ!

இவருக்குப் பொறுக்க ஏலாமப் போச்சு. "என்ர ராசாத்தி" எண்டு கொட்டிலுக்கு வெளியில வந்திட்டார்.

அவள் வாயில இருந்த ஓலையைக் கீழ போட்டாள். காலைத் தூக்கினாள்.

இவர் போய்க் குந்தி அந்தத் தழும்பைப் பிடிச்சார், அவள் காலை இறக்கினாள். எழும்பி வந்து டொக்டர்ப் பிள்ளையிட்ட, "இனி நான் வரேல்லை மோனை. அவளுக்கு என்னைக் காட்டாதையுங்கோ" எண்டார். பிள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டு ஓம் எண்டது.

இப்ப ஞாயிறு பூசை முடிய நான்தான் குச்சவெளி பஸ் ஏறி அவளைப் பாக்கப் போறன். எனக்கு அவள் காலைத் தூக்கமாட்டாள், நான் ஆரோ ஒருத்தி. பழம் வாங்கித் திண்டிட்டுத் தன்ர பாட்டில போயிடுவாள். நான் வீட்டை வர, இவர் மூடி வைச்ச சோத்துக் கோப்பைக்கு முன்னால இருப்பார். சோறு ஆறிப்போயிருக்கும், தொட்டிருக்க மாட்டார்.

"காலைத் தூக்கினவளோ?"

"இல்லையப்பா."

"அப்ப சரி" எண்டு சொல்லிப்போட்டுத்தான் சோத்தில கை வைப்பார்.