மூன்று பொட்டலமும் சிவப்பு

விடுதித் தோழியருக்கு,

வசந்தாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஒன்றரை வருடம் அவளுக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தும் யாரிடமும் வாய் திறந்து பேசாதவள் நான். இப்போது எழுத வருவதற்கு என்னை மன்னியுங்கள். அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பயத்தினால் மறைத்துவிட்டேன்.

போன மாதம் அலுவலகத்தில் தபால்காரர் ஓரம் கறுத்த கார்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். மஞ்சள் காமாலையில் வசந்தா போய்விட்டாள், கருமாதி இன்ன நாள் என்று அச்சடித்திருந்தது. என் முகவரியை அவள் யாரிடமோ கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். கார்டைக் குப்புற வைத்துவிட்டு, கையிலிருந்த வேலையை முடித்தேன். பிறகு பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருமாதிக்குப் போகவில்லை.

அவள் கை சும்மா இராது என்பது உங்களுக்குத் தெரியும். வேப்பங்கொட்டையில் எலி செய்வாள். பனங்கொட்டையைச் சீவி, அதன் நாரையே கொண்டையாக முடிந்து, வார்டன் முகத்தைச் செய்து ஜன்னலில் வைத்ததும், வார்டனே அதைப் பார்த்து "யாருடி இது, எங்க அக்கா மாதிரி இருக்கா?" என்று கேட்டதும் நினைவிருக்கும். குளத்தில் முளைக்கும் நெட்டியில் எங்கள் ஊரில் பொங்கலுக்கு மாட்டு மாலை கட்டுவோம் என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, "லீவுக்கு உங்க ஊருக்குத்தான் வர்றேன்" என்று பிடித்துக்கொண்டாள். கும்பகோணத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போவதாகத் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் சேரித் தெருவுக்கு வந்தாள். பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்காரர் மகள் எங்கள் தெருவில் தங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அது நல்ல நேரமும் இல்லை. ஆட்சி மாறிவிட்டது, இனி நம் பிள்ளைகளும் படிக்கலாம் என்று அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். ஊரிலோ அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டுச் செங்கொடிச் சங்கம் வேலையை நிறுத்தியிருந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியிருந்தது. கூலி கேட்டவர்களின் குடிசைகள் எரிந்த அந்த மாதங்களில் எங்கள் பக்கம் கீற்று வீடுகளில் தீ என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். வேலைநிறுத்தத்தில் பிடிபட்ட அப்பா ஜாமீனில் வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. "இன்னொரு தடவை உள்ள போனா என்னால வெளிய எடுக்க முடியாது கோவிந்தா" என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்.

முட்டளவு தண்ணீரில் இறங்கி நெட்டித் தண்டுகளைப் பிடுங்கினோம். பாம்பு இருக்கும் என்று நான் கரையோரமாகவே நின்றேன். "பாம்பு இருந்தா அதுவும் பொங்கலுக்கு மாலை கேக்குமா?" என்று அவள் நடுவில் போனாள். மேல்தோலைச் சீவினால் உள்ளே வெள்ளைவெளேரென்று, எடையே இல்லாமல் இருக்கும். அவளுடைய பேனாக்கத்தியால் வில்லை வில்லையாக அரிந்தோம். எனக்கென்று தனியாக ஒரு மீன்கொத்தி செய்தாள்.

சாயம் வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கேட்க வேண்டும். கடையில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். "மாட்டுச் சாயம் மூணு" என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். பிரித்துப் பார்த்தால் மூன்று பொட்டலமும் சிவப்பு.

"மாத்திட்டு வாடி."

"நான் போகமாட்டேன்."

"வாயத் திறந்து கேட்டா கடைக்காரர் கடிச்சிடுவாரா?" என்று சிரித்தாள். "சரி விடு, சிவப்புலயே கட்டுவோம். மாட்டுக்கு என்ன தெரியப்போகுது?"

எங்கள் தெருவில் நான்கு மாடுகள். அவள் கட்டிய மாலைகள் முப்பதுக்கு மேல். தாழை நாரில் கோத்து, தெருமுனை வேலி நெடுகக் காயப் போட்டோம். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மத்தியானம் பண்ணையின் காரியக்காரர் சைக்கிளில் அந்த வழியாகப் போனார். நின்று பார்த்தார். ஒரு மணி நேரத்தில் போலீஸ் வேன் வந்தது.

"யார்றா கட்டினது இத?"

"வேற யாரு, இந்தக் கோவிந்தன்தான்" என்றார் காரியக்காரர். "பொங்கலன்னிக்கே கொடித் தோரணம் கட்டறான்."

அப்பா வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தாங்க" என்றார்.

நான் தட்டிக்குப் பின்னால் நின்றேன். சாயம் வாங்கியது நான். வெளியே போய் அதைச் சொன்னால் போதும். தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். வசந்தா என்னைப் பார்த்தாள். பிறகு தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

"அவர் கட்டலிங்க. நான்தான் கட்டினேன். சாயமும் நான்தான் வாங்கினேன்." முழங்கைவரை சிவந்திருந்த கைகளை நீட்டிக் காட்டினாள்.

"நீ யாரும்மா? இந்தத் தெருப் பொண்ணு மாதிரித் தெரியலியே?"

தன் அப்பா பெயர், மண்டி, தெரு எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இங்க உனக்கு என்ன வேலை?"

"மாட்டுக்கு மாலை கட்டறேன். சிவப்புதான் கெடச்சுது. பச்சை கெடச்சிருந்தா பச்சை கட்டியிருப்பேன். அப்பவும் வேன்ல வந்திருப்பீங்களா?"

ஒரு போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். காரியக்காரர் சிரிக்கவில்லை. "பண்ணை மாட்டுக்கும் ரெண்டு எடுத்துட்டுப் போங்க" என்றாள் அவரிடம். வேன் அப்பா இல்லாமல் திரும்பியது.

அது போனதும் மாலைகளை வாரிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. நெட்டி பொசுக்கென்று பிடித்துக்கொள்ளும். மூக்கில் ஒரு பொட்டுச் சிவப்பு இருந்ததால் மீன்கொத்தியையும் போட்டேன்.

"அதுவுமாடி?" என்று மட்டும் கேட்டாள்.

உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன். "இல்லாம என்ன? வாய் முந்திக்கிச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

அவள் வீடு போய்ச் சேருமுன் செய்தி மண்டிக்குப் போய்விட்டது. லீவு முடிந்து அவள் விடுதிக்கு வரவில்லை. அண்ணன் வந்து பெட்டியை எடுத்துப் போனார். தை முடிவதற்குள் கல்யாணம். "பணக்கார வீட்டுப் பொண்ணு, சொல்லிக்காமப் போயிட்டா பாரு" என்று நீங்கள் பேசினீர்கள். காரணம் தெரிந்த நான் அடுத்த கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் விட்ட பட்டப்படிப்பை நான் முடித்தேன்.

அவள் விட்டுப்போன பேனாக்கத்தி என்னிடம் இருக்கிறது. பிடியில் சிவப்பு இன்னும் போகவில்லை. தினமும் அதில்தான் பென்சில் சீவுகிறேன். அப்பா வீட்டில் இருக்கிறார். இவையெல்லாம் அவள் எனக்கு விட்டுப்போனவை.

இதுவரை எழுதியதெல்லாம் ஒன்று கேட்பதற்காகத்தான். பட்டுக்கோட்டையில் அவள் அப்பா இன்னமும் மகளைப் பொய்க்காரி என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கும்பகோணம் என்று சொன்னது பொய்தான். அவள் எதற்காகப் பிடிபட்டாள் என்று அவருக்குத் தெரியாது. அந்தச் சாயத்தை வாங்கியது நான் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களில் யாராவது ஒருத்தி என்னோடு அந்த வாசல்வரை வாருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நான் பேசுகிறேன்.