மூன்றாவது டிராக்கில் இருந்த குரல்

எம். புதுப்பட்டி விலக்கில் கம்பெனி வேன் ஏறியபோது, டிரைவரின் ஸ்பீக்கரில் நானே செய்து வெளியிட்ட இசை டிராக் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எனக்கே விளங்கவில்லை. பழகிய சத்தம் என்று மட்டும் தோன்றியது. அடியில் கனமான பேஸ் சத்தம் வந்து சேர்ந்ததும் தெரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்தபடி நின்றவள் அப்படியே நின்றேன்.

"என்னண்ணே இது, மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் முன் சீட்டில் இருந்தவள்.

"இப்ப இதுதான் தாயி ஓடுது. பைக்குப் பயலுக போடுற வீடியோ பூரா இந்தச் சத்தம்தான்."

அப்போது அந்தக் குரல் வந்தது. தொடு. தொடு. தொடு. நான்தான் அதை அப்படி நறுக்கி வைத்திருந்தேன்.

"ஏத்தா, இது நம்ம போர்மேன் கொரலு மாதிரியில்ல இருக்கு?"

"பகல் பூரா நம்மள வையுறது பத்தாதுன்னு வேனுக்குள்ளயும் ஏறிட்டாரா?"

வேனே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

பத்தாவது வரை படித்தவள் நான். பதினெட்டு வயதிலிருந்து பட்டாசுக் கம்பெனி வேலை. வீட்டுக்காரர் லோடு லாரியில் போகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, நாலு பேர் பார்த்தால் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். கடையில் அரைக்கிலோ சீனி கேட்பதற்குள் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சாமி பாட்டு முடிந்ததும், தானாக வேறொன்று ஓட ஆரம்பித்தது. வெளிநாட்டு இசை. வரி இல்லை, பாடுகிறவர் இல்லை. ஒரே தாளம், அதற்கு மேல் ஒரு சத்தம், அதற்கு மேல் இன்னொன்று. ஏழெட்டு நிமிடம் ஓடியது. அந்த நேரம் முழுக்க யாரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை, எதையும் கேட்கவில்லை. மறுபடி போட்டுக் கேட்டேன். கிளப்புகளில் ஆடுவதற்கான எலெக்ட்ரானிக் இசை என்பதும், பெரிய கம்பெனி எதிலும் சேராமல், முகத்தைக் காட்டாமல் இதைப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. முகத்தைக் காட்ட வேண்டாம் என்பது எனக்குப் பிடித்துப்போனது.

இசை போடும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கி, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு இரண்டு டிராக் வெளியிட்டேன். கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் ஏதோ ஒரு மொழியில் எழுதியிருந்தார். அதை மொழிபெயர்த்துப் பார்த்தபோது, 'சுத்தமாக இருக்கிறது, ஆனால் எந்த ஊரிலிருந்தும் வரவில்லை' என்று இருந்தது. அந்த வரி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

எங்கள் ரூமில் நாங்கள் நாலு பெண்கள் தரைச்சக்கரம் சுற்றுவோம். காகிதக் குழாயைச் சுருட்டி, பசை தொட்டு ஒட்டி, பலகையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. காலையில் ஆளாளுக்கு ஒரு வேகம் இருக்கும். பதினோரு மணி ஆகும்போது, யாரும் சொல்லாமலே நாலு கையும் ஒரே ஓட்டத்துக்கு வந்துவிடும். சுருட்டல், சுருட்டல், ஒட்டு, தட்டு. அது நிற்பதற்குள் பக்கத்து ரூமில் மரக்கட்டை தட்டும் சத்தம். இருபத்தெட்டு வருடமாக அதற்குள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுவந்தால் அந்த ஆள் அப்படி எழுத மாட்டார் என்று நினைத்தேன்.

கம்பெனிக்குள் போன் கொண்டு போகக்கூடாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, அடையாளத்துக்கு எண் போட்ட வில்லை கொடுப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க, ஒவ்வொரு ரூம் வாசலிலும் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பட்டாசு மருந்துக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும். அப்படி வெந்துபோன என் சித்தி மகள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்துதான் செய்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இரண்டு போன் இருந்தன. பட்டன் போனைக் கேட்டில் கொடுத்து வில்லை வாங்கினேன். பழைய டச் போனைச் சோற்றுப் பையின் அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தேன். சிம்மைக் கழற்றிவிட்டேன், அழைப்பு வராது, அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான். நாலு நாள் கொண்டு போனேன். மூன்று நாள் சத்தம் தெளிவாக இல்லை. நாலாவது நாள் எல்லாம் வந்திருந்தது. கூடவே போர்மேன் குரலும். பசை இரவல் கேட்டு அடுத்த ரூம்காரி எங்கள் ரூமுக்குள் வந்து நின்றிருந்தாள். ஒரு ரூமுக்கு நாலு பேர் என்பது சட்டம். அவளை அவள் ரூமுக்குத் திரும்பச் சொல்லி வெளியிலிருந்து அவர் சத்தம் போட்டார்: "நாலு பேருக்கு மேல நிக்காதீக. தகட்டத் தொடு, தொட்டுட்டு உள்ள போ."

அந்தக் குரலில் கனம் இருந்தது. 'தொடு' என்பதை நறுக்கித் தாளத்துக்கு மேல் வைத்தேன். முழு வாக்கியத்தை நடுவில் ஒரே ஒரு இடத்தில் விட்டேன். அதுதான் மூன்றாவது டிராக். கேட்கிறவர்கள் எல்லாம் எங்கேயோ இருப்பவர்கள் என்று நினைத்து வெளியிட்டேன். அதை யாரோ எடுத்து பைக் வீடியோவுக்குப் பின்னால் ஒட்டுவான், அது சுற்றிச் சுற்றி எங்கள் வேனுக்கே வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேனில் கேட்ட மறுநாள், மத்தியானச் சோற்று நேரத்தில் போர்மேன் எங்கள் நாலு பேரையும் வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிட பயம்தான் இருந்தது.

"அதுல பேசுறது நாந்தேன். நாலு பேருக்கு மேல நிக்காதீகன்னு இந்த மாசம் ஒங்க ரூம்ல மட்டுந்தேன் சொன்னேன். ரூமுக்குள்ள போன் இருந்திருக்கு. மொதலாளி காதுக்குப் போயிருச்சு. ஆபீசருக காதுக்குப் போனா லைசென்சு போயிரும். ஒருத்தருக்கு இல்ல, இங்கன இருக்குற அத்தனை பேரு சோறும் போயிரும். யாரு?"

எங்களோடு இருந்த அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நாலாவது ஆள், எனக்கு எதிரில் உட்கார்ந்து சுற்றும் மதினி. சொந்தமில்லை, பழக்கத்தில் மதினி. போன வருடம் அவள் பையில் போன் இருந்து பிடிபட்டாள். மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அவளோடு பேசிவந்த அவசரத்தில் மதினி போனைக் கேட்டில் கொடுக்க மறந்துவிட்டாள். அன்றைக்கு எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

போர்மேன் அவளைத்தான் பார்த்தார். "ஒனக்கு ஏற்கெனவே ஒருக்கா சொல்லியிருக்கு."

"நான் இல்லண்ணே. எம் புள்ள மேல சத்தியமா நான் இல்ல."

"அப்ப இவளா?" என்று என்னைக் காட்டினார். "இது புள்ளப்பூச்சி. வாயத் தொறந்து தண்ணி கேக்கவே தெரியாது." தங்கைக்காரி சிரித்துவிட்டாள். "நாளைக்குக் காலையில வேன் எறங்குறதுக்குள்ள யாருன்னு சொல்லிருங்க. இல்லைன்னா ஒங்க மதினி வேலைய விட்டுப் போகட்டும். நான் வேற என்ன செய்ய?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மதினி என் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லு புள்ள, எங் கையில போனப் பாத்தியா?" என்றாள். "இல்ல" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் அதற்கே நன்றி சொன்னாள்.

போனுக்காக வெளியே அனுப்பப்பட்டவளை வேறு கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள். போர்மேன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. மத்தியானம் முழுக்க அவள் எனக்கு எதிரில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு கையும் அன்றைக்கு ஒன்று சேரவே இல்லை. அவள் தட்டு ஒவ்வொரு தடவையும் பிந்தியே விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த டிராக்கை அழித்துவிட்டால் போதுமா என்று யோசித்தேன். வேன் டிரைவர் போனில் இருப்பதை என்னால் அழிக்க முடியாது. போர்மேன் கேட்டதும் கேட்காததாகாது. கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்று நோட்டில் எழுதினேன். 'ஐயா, அது நான்' என்பதற்கு மேல் போகவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அதைத் துடைக்கும்போது, அந்த மூன்று வார்த்தையையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

காலையில் வேன் நின்றதும் மற்றவர்கள் இறங்குவதற்கு முன்னால் இறங்கி, கேட்டுக்கு வெளியே இருக்கும் ஆபீஸ் ரூமுக்குப் போனேன். போர்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அது நாந்தேன்."

"என்னது?"

"போன். அந்தச் சத்தம். நாந்தேன் போட்டேன்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "ஒம் மதினி அழுதான்னு பாவம் பாத்து வந்தியாக்கும். போயி வேலையப் பாரு."

நான் நகரவில்லை. "போட்டேன்னா என்ன, ஒம் மகன் போட்டானா?" என்றார். எனக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியும். வாய்தவறிக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தச் சத்தத்தை ஒரு பொம்பளை, அதுவும் நான், போட்டிருப்பேன் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை. அவர் நம்பாவிட்டால் மதினி இன்றைக்கே போக வேண்டும்.

பையிலிருந்து டச் போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, மேசை மேல் வைத்தேன். டிராக்கில் இருக்கும் ஒவ்வொரு சத்தமும் அதில் தனித்தனிக் கோடாக இருக்கும். ஓடவிட்டேன். பேஸை நிறுத்தினேன். கைதட்டு மாதிரி வரும் சத்தத்தை நிறுத்தினேன். எங்கள் நாலு பேர் சுருட்டும் சத்தத்தை நிறுத்தினேன். கடைசியில் அவர் குரல் மட்டும் அந்த ரூமில் நின்றது. நறுக்குவதற்கு முன்னால் இருந்தது அது. "நாலு பேருக்கு மேல நிக்காதீக. தகட்டத் தொடு, தொட்டுட்டு உள்ள போ." அதற்குப் பின்னால், டிராக்கில் நான் வைக்காத ஒன்றும் இருந்தது. தாழ்ந்த குரலில், தனக்குத்தானே: "ஒருத்திக்கு ஆச்சுன்னா நாலு பேருக்கும்ல ஆகும்."

அவர் போனைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"எத்தனை நாளு கொண்டாந்த?"

"நாலு நாளு."

"சார்ஜ் ஏத்திக் கொண்டாந்த போனு. மருந்துக்குப் பக்கத்துல."

"ஆமா."

"ஏன்?"

அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் நீளமானது. "அங்கனதான் அந்தச் சத்தம் இருக்கு" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ இனிமே உள்ள வராத. போறதுக்கு முன்னால அந்த மூணு பேருகிட்டயும் நீயே சொல்லிட்டுப் போ. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

கேட் ஓரத்தில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். சொன்னேன். அக்காக்காரி நெஞ்சில் கை வைத்தாள். தங்கைக்காரி, "நீயா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மதினி என் கையில் இருந்த பையைப் பார்த்தாள். வேலை தங்கிவிட்டது என்ற நிம்மதி அவள் முகத்தில் வரும் என்று, உள்ளுக்குள் எங்கோ, எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நாலு நாளும் ஒஞ் சோத்துப் பைக்குப் பக்கத்துலதான் காலை நீட்டி உக்காந்திருந்தேன்" என்றாள். "ஒரு நாளு எங் கொழம்ப எடுத்து அந்தப் பையிலதான் வச்சேன். அப்ப எம் மவ மதுரையில பரிச்ச எழுதிட்டு இருந்தா. நேத்து ஒங்கிட்டதான் கேட்டேன், எங் கையில போனப் பாத்தியான்னு."

"தப்புதேன் மதினி."

"பாட்டுக்காகவா?"

"ஆமா."

"போயிரு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் போனில் சிம்மைப் போட்டு, டிராக்கைத் தளத்திலிருந்து எடுத்தேன். அப்போதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர், ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு நாள் கழித்து எழுதியிருந்தார். பதில் எழுதவில்லை.

இப்போது சிவகாசியில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. இங்கே மருந்து இல்லை. போன் இடுப்பிலேயே இருக்கலாம், யாரும் கேட்பதில்லை. ஆனாலும் இங்கே எதையும் பதிவு செய்ய எனக்குக் கை வரவில்லை. நாலைந்து மாதம் எதுவும் போடவில்லை. பிறகு வீட்டில் கிடைத்ததை வைத்து ஆரம்பித்தேன். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம், தகர மூடி, எங்கள் தெரு இரும்புக் கேட். நாலாவது டிராக்கை வெளியிட்டபோது அதைக் கேட்டவர்களை மறுபடியும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு வருடத்துக்கு மேல் கழிந்து, ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலில், வரிசையில் எனக்கு முன்னால் மதினி நின்றிருந்தாள். கூட மகள். என்னைப் பார்த்துவிட்டாள். நான் வேறு பக்கம் திரும்புவதற்குள், வரிசையை விட்டு வந்து எதிரில் நின்றாள். மகளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். நல்லது என்றேன்.

"இன்னும் அந்தச் சத்தமெல்லாம் போடுறியா?"

"போடுறேன்."

"எங்க வச்சு?"

"வீட்டுல வச்சு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நான் சொல்வது நிஜம்தானா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்க்க அவளுக்கு உரிமை இருந்தது. நானும் முகத்தைத் திருப்பவில்லை.

"வீட்டுல வச்சுன்னா சரி" என்று சொல்லிவிட்டு, மகள் பிடித்துவைத்திருந்த இடத்துக்குத் திரும்பிப் போனாள்.